ஜோடி விலை

லெஸ்லி போரட் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தபோது ஆஸ்பத்திரி திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கடைக்கு உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுகள் வருமே, அந்தப் பெட்டி. மூடியின் நான்கு மடல்களையும் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தார். எழுபத்தாறு வயதிலும் சவரம் செய்யாமல் தெருவில் இறங்காத மனிதர், இன்றைக்குப் பாதி முகத்தை மழித்துவிட்டு மீதியை அப்படியே விட்டு வந்திருந்தார்.

"முன்கூட்டிச் சொல்லாம வந்துட்டேன் ஹேசல். மன்னிச்சுக்கணும்," என்றார்.

ஹேசல் தர்லோ பெட்டியைப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. பெக்கிள்ஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் இருக்கும் அந்தக் கால்நடை ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். உள்ளே இருப்பதற்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பது பெட்டியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அதனால என்ன மிஸ்டர் போரட். உக்காருங்க. ஃபெர்கஸ் இப்ப வந்துருவார்."

"வினிகர்தான். ஏழு மணிக்குத் தீனி வைக்கப் போனேன். மூக்குல கொஞ்சம் ரத்தம். நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தொந்தரவு குடுக்கறேன்," என்றார்.

இந்த ஊரில் காலை மிதித்தவரும் மன்னிப்புக் கேட்பார், மிதிபட்டவரும் கேட்பார். செத்த முயலைத் தூக்கிக்கொண்டு வருகிறவரும் கேட்கத்தான் செய்வார். ஹேசல் தலையை ஆட்டினாள்.

போரட்டிடம் இருந்தவை இரண்டு முயல்கள். வெள்ளை முயல் சால்ட், பழுப்பு முயல் வினிகர். மீன் வறுவல் பொட்டலத்தின்மேல் தூவுகிற உப்பையும் வினிகரையும் நினைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர்கள். அந்தக் குடும்பம் வீடு மாறும்போது, "ரெண்டு நாள் பாத்துக்குங்க, வந்து எடுத்துக்கறோம்" என்று இவரிடம் விட்டுப் போனது. இரண்டு நாள் எட்டு வருஷமாகிவிட்டது. படகுத்துறையில் படகுகளுக்கு வர்ணம் பூசி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், வேறு சொந்தம் என்று யாரும் வந்து போகாத வீடு. போன செப்டம்பரில் சால்ட் குடல் நின்றுபோய்ச் செத்தது. அன்றைக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து போரட் அழுதார். சத்தம் வந்தது. காத்திருந்த ஆறு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபெர்கஸ் இளம் டாக்டர், நல்ல பிள்ளை. பெட்டியோடு அவரை அறைக்குள் கூட்டிப்போனான். ஐந்து நிமிஷத்தில் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

"ஹேசல், வினிகருக்குக் கடைசித் தடுப்பூசி எப்பன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அவள் கம்ப்யூட்டரில் போரட் என்று தட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது. 'சால்ட் & வினிகர்' என்று சாம்பல் நிறத்தில். பக்கத்தில் 'இறப்பு: செப்டம்பர் 14'. போன வருஷத்துச் செப்டம்பர்.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சாம்பலாக்கியது யார் என்று தேட வேண்டியதில்லை. பக்கத்தில் அவளுடைய பெயரின் முதலெழுத்துகள் இருந்தன.

இந்த இடத்தில் சங்கதியைச் சொல்லிவிடுவது நல்லது. பழைய டாக்டர் ஆஸ்பத்திரியைச் சொந்தமாக நடத்திய காலத்தில், முயல் ஜோடிக்குத் தனி விலை இருந்தது. முயலை ஒண்டியாக வளர்க்காதே என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டு, ஜோடியாக வளர்க்கிறவனிடம் இரட்டைக் காசு பிடுங்குவது அவருக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு ஊசிக்கும் சேர்த்துப் பதினாலு பவுண்டு குறைப்பார். இரண்டு முயலையும் கம்ப்யூட்டரில் ஒரே மிருகமாக, ஒரே வரியில் பதிந்தால் அந்தக் குறைப்பு தானாக விழும். ஆறு வருஷத்துக்கு முன் அவர் விற்றுவிட்டுப் போனார். வாங்கிய கம்பெனி, ஜோடி விலை கிடையாது, ஒவ்வொரு விலங்குக்கும் தனி வரி என்று ஒரு தாள் அனுப்பியது. ஹேசல் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். எல்லா முயல்களையும் பிரித்து எழுதினாள், ஏழு வீட்டு முயல்களைத் தவிர.

பழைய வரி இருக்கும் வரை பழைய குறைப்பு விழுந்துகொண்டுதான் இருந்தது. அதை அணைக்கக் கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றவில்லை. அந்த ஏழு வீடுகளை ஹேசல்தான் பொறுக்கி வைத்திருந்தாள். யாரும் அவளிடம் வந்து கேட்டதில்லை. கோட்டின் முழங்கையைப் பார்ப்பாள், பணப்பையைத் திறந்துவிட்டு ஒரு கணம் நிற்கிறார்களா என்று பார்ப்பாள். தனக்குள்ளேயே முடிவு செய்துகொள்வாள். ஊசி விலை வருஷா வருஷம் ஏறியது. பதினாலு பதினாலாகவே இருந்தது. போன கோடையில் ஏறியதோடு ஒரு முயலுக்கு எழுபத்தாறு பவுண்டு.

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த ஒரே திருட்டுத்தனம் அதுதான். மற்றபடி அவள் மரத்துப்போய்விட்டாள். ஒரே நாளில் நடந்ததில்லை. "முயலே இருபது பவுண்டுக்குத்தான் வாங்கினேன், ஊசி எழுபத்தாறா?" என்று நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். ஏதோ மருந்தை அவள்தான் வீட்டில் காய்ச்சி விற்கிற மாதிரி முறைப்பார்கள். எரிப்பதற்கு எவ்வளவு, சாம்பலோடு என்றால் எவ்வளவு, சாம்பல் வேண்டாம் என்றால் எவ்வளவு என்பதையெல்லாம் அழுகிற முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ரயில்வே ஸ்டேஷன் பெயர்களை ஒப்பிப்பதுபோல் சொல்லப் பழகிக்கொண்டாள். பிறகு வீட்டிலும் அதே குரல் வர ஆரம்பித்தது. கணவர் ராய் முழங்கால் ஆபரேஷன் தேதி தள்ளிப்போனதைச் சொன்னபோது, "அப்படியா, சரி" என்றாள்.

போன செப்டம்பரில் சால்ட் செத்த அன்று, போரட் வாசலைத் தாண்டுவதற்குள் அவள் அந்த வரியில் 'இறப்பு' என்று தட்டிவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு வேகம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாய் செத்த மறுநாள் ஒரு அம்மாவுக்கு 'உங்கள் செல்லத்துக்கு ஊசி போடும் நேரம் வந்துவிட்டது' என்று கடிதம் போய்விட்டது. அந்த அம்மா கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அதிலிருந்து யார் வீட்டில் எது செத்தாலும் ஹேசலின் விரல் உடனே போய்விடும். அன்றைக்கும் போயிற்று. ஒரே வரி என்பதால் உயிரோடிருந்த வினிகரும் அதோடு சேர்ந்து செத்துப்போனது. ஏப்ரலில் போரட்டுக்கு ஊசிக் கடிதம் போகவில்லை.

"ஹேசல்?" என்றான் ஃபெர்கஸ்.

"போன வருஷம் ஏப்ரல்," என்றாள். குரல் ஸ்டேஷன் பெயர் சொல்கிற குரலாகவே இருந்தது.

கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

"ரத்தக்கசிவு நோய்தான்னு நினைக்கிறேன் மிஸ்டர் போரட். ராத்திரி நல்லா இருக்கும், காலையில இருக்காது. அவனுக்கு வலி தெரிஞ்சிருக்க நேரமில்ல. பரிசோதனைக்கு அனுப்பினா உறுதியாத் தெரியும், ஆனா அதுக்கு நூத்திருபது ஆகும். அவசியமில்லைன்னுதான் சொல்வேன்."

"எங்கேர்ந்து வந்துச்சு தம்பி? அவன் தோட்டத்தை விட்டே போனதில்லையே."

"சதுப்பு நிலத்துல காட்டு முயல் நிறைய. செருப்புல வரும், ஈ மூலமா வரும், புல்லுல வரும். வெளியேர்ந்து ஏதாவது பறிச்சுப் போடுவீங்களா?"



"ஆத்தோரப் பாதையில சிங்கப்பல் கீரை," என்றார் போரட். "தினம் பறிப்பேன். சால்ட் போனதுக்கப்பறம் அவன் வேற எதையும் சரியாத் தின்னல. கையில வெச்சு ஊட்டுனாத்தான் தின்பான்."

"சரி..."

"ஊசி போட்டிருந்தா?"

"போட்டிருந்தா அநேகமா ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆக, என் தப்புதான்," என்றார் போரட். சாதாரணமாகத்தான் சொன்னார். ஃபெர்கஸ் ஏதோ சமாதானம் சொன்னான். இந்த வேலையில் சொல்கிற சமாதானம்.

பெட்டியோடு வெளியே வந்து மேசை முன்னால் நின்றார். ஹேசலின் வாய் தன்பாட்டில் திறந்தது. "பொதுவில எரிக்க அறுபத்தஞ்சு, தனியா எரிச்சு சாம்பல் வேணும்னா நூத்தி எம்பது. வீட்டுத் தோட்டத்துல புதைக்கறதுன்னா செலவில்ல, ஆழமாத் தோண்டணும்."

"வீட்டுக்கே கொண்டுபோறேன். சால்ட் நெல்லிச் செடிக்குக் கீழே இருக்கு. பக்கத்துல வெச்சிடறேன். ஃபெர்கஸுக்கு நான் எவ்வளவு குடுக்கணும்?"

"அவர் பில் ஒண்ணும் போடல."

"அது நல்லா இருக்காதே," என்றார். பிறகு அதைத் தொடரத் தெம்பில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கதவைத் திறந்துவிடக் காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்தார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

மத்தியானம் பின்னறையில் ஹேசல் முட்டை சாண்ட்விச் சாப்பிட்டாள். முழுதும் சாப்பிட்டாள். நர்ஸ் ட்ரூடியிடம் நடந்ததைச் சொன்னாள், ஏழு வீட்டுக் கதையையும் சேர்த்து. ட்ரூடி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி கேட்டாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்கிட்ட."

"அத்தோட நிறுத்திக்கோ. வியாழக்கிழமை கம்பெனிக்காரி வர்றா. கள்ளத்தனமா விலை குறைச்சேன்னு தெரிஞ்சா, நாலு வருஷம் கழிச்சு வர்ற பென்ஷனுக்கு இப்பவே வீட்டுல உக்காந்து காத்திருப்ப. ராய் முழங்காலை நீட்டிக்கிட்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

"அவர் தன் தப்புன்னு நினைக்கறார்."

"எல்லாரும்தான் நினைக்கறாங்க. ரெண்டு வாரம் நினைப்பாரு, அப்பறம் இன்னொரு முயல் வாங்குவாரு. அவர் என்ன கைக்குழந்தையா? வருஷத்துக்கொரு தடவை ஊசின்னு தெரியாதா? போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே."

அதுவும் சரிதான் என்று ஹேசலுக்குத் தோன்றியது. எல்லாமே சரி என்று தோன்றியது, அதுதான் அவளுக்கு வந்திருந்த வியாதி. அந்த வரியை இப்போதுகூடப் பிரித்து, வினிகரைத் தனியாக எழுதி, ஏப்ரலில் கடிதம் அனுப்பியதாக ஒரு குறிப்புச் சேர்த்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது.

அவள் அதைச் செய்யவில்லை. மாலை ஆஸ்பத்திரியை மூடும் நேரத்தில் மற்ற ஆறு வீட்டு முயல்களையும் பிரித்துத் தனித்தனி வரியில் எழுதினாள். அவை எல்லாவற்றுக்கும் உயிர் இருந்தது. அடுத்த வருஷம் அந்த ஆறு வீட்டுக்காரர்களும் பதினாலு பவுண்டு கூடக் கொடுப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இனி இருந்தது அனுதாப அட்டை. சாகிற ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அட்டை போகும், உள்ளே நீலப் பூ விதை ஒரு சிட்டிகை. எழுதுவது ஹேசலின் வேலை. 'உங்களால் ஆன எல்லாவற்றையும் செய்தீர்கள். அது வினிகருக்குத் தெரியும்' என்று கை எழுதியது. நூற்றுக்கணக்கில் எழுதிய வரி. இந்த ஒரு தடவை அது நூற்றுக்கு நூறு உண்மை என்பதை உறையை ஒட்டிய பிறகுதான் கவனித்தாள். தபால்தலை ஒட்டினாள், வீட்டுக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டாள்.

வியாழக்கிழமை கம்பெனிக்காரி வந்தாள், புதுத் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசினாள். மாதச் சந்தா கட்டினால் ஊசி இலவசம் என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமாம், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டுமாம். ஹேசல் சரி என்றாள். முயல் வரிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு போரட் வந்தார். முழு முகமும் மழித்திருந்தார். கழுத்தில் டை. காத்திருக்கும் இடத்தில் பூனைக்கூடையோடு ஒரு பெண்ணும், கன்றுக்குட்டி அளவு நாயோடு ஒரு மனிதரும் இருந்தார்கள். போரட் அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தார். விலையுயர்ந்த வகை, டப்பாவின் மேல் கோட்டைப் படம்.

"எல்லாருமா சாப்பிடுங்க. அட்டை கிடைச்சுது ஹேசல். நல்லா எழுதியிருந்தீங்க."

"எப்படி இருக்கீங்க மிஸ்டர் போரட்?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றார். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "இதையும் வாங்கிக்கணும். எழுபத்தாறு இருக்கு. ஏப்ரல் ஊசிக்குன்னு எடுத்து வெச்சது. சால்ட் போன அன்னிக்கே சுவத்துல விலையைப் படிச்சுக் குறிச்சுக்கிட்டேன், ஒண்டி முயலுக்கு எவ்வளவுன்னு. யாராவது முடியாதவங்க முயலைக் கொண்டுவந்தா, அதுக்குப் போட்டுவிடுங்க."

ஹேசல் உறையைத் தொடவில்லை.

"கையில காசு வெச்சுக்கிட்டே இப்படி விட்டுட்டேன் பாருங்க," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லெட்டர் வரும்னு பாத்தேன். ஏப்ரல் போச்சு, மே போச்சு, வரல. அப்பறம் எனக்கே புரிஞ்சுது, நீங்க வேணும்னுதான் அனுப்பலன்னு."

"வேணும்னா?"

"போன தடவை இங்க உக்காந்து அப்படி அழுதேனே, ஊரே பாக்க. கிழவனுக்கு எதுக்கு மறுபடி ஞாபகப்படுத்தணும்னு விட்டிருப்பீங்க. உங்க நல்ல மனசு. நான் வந்து கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம். அதான் கேக்கல. ஒண்டியா இருக்கற முயலுக்கு எதுகிட்டேர்ந்து நோய் ஒட்டப்போகுதுன்னும் நினைச்சுக்கிட்டேன்." தன் வலது கையைப் பார்த்தார். "அந்தக் கீரையை இந்தக் கையாலதான் ஊட்டினேன். காலையில எழுந்ததும் கையைத்தான் பாக்கறேன். சரி, அதை விடுங்க, உங்க வேலையைக் கெடுக்கறேன்."

வாசல் பக்கம் திரும்பினார். இப்போது விட்டால் அவர் போய்விடுவார் என்பது ஹேசலுக்குத் தெரிந்தது. இன்னும் எத்தனை வருஷம் இருப்பாரோ, அத்தனை வருஷமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவள் பென்ஷன் வரை இந்த நாற்காலியில் இருப்பாள். சௌகரியமான ஏற்பாடுதான்.

"மிஸ்டர் போரட். லெட்டர் வராததுக்குக் காரணம் நான்."

அவர் நின்றார். பூனைக்காரப் பெண்ணும் நாய்க்காரரும் கேட்காதவர்கள்போல் இருந்தார்கள்.

அவள் சொன்னாள். பழைய டாக்டரின் ஜோடி விலை, கம்பெனியின் தாள், பிரிக்காமல் விட்ட ஏழு வீடு, செப்டம்பரில் தட்டிய இறப்பு. எல்லாவற்றையும் அந்த ஸ்டேஷன் குரலில்தான் சொன்னாள், வேறு குரல் அவளிடம் இல்லை. "நான் தனித்தனியா எழுதியிருந்தா உங்களுக்கு ஏப்ரல்ல லெட்டர் வந்திருக்கும். நீங்க கொண்டுவந்திருப்பீங்க. வினிகர் இருந்திருப்பான். தப்பு என்னோடது, உங்களோடது இல்ல."

போரட் மேசைக்குத் திரும்பி வந்தார்.

"அப்ப கீரை?"

"ஊசி போட்டிருந்தா கீரை ஒண்ணும் பண்ணியிருக்காது."

"ஓ," என்றார். மூச்சை விட்டார். அவருடைய தோள்கள் கொஞ்சம் இறங்கின. திட்டுவார் என்று ஹேசல் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"பதினாலு பவுண்டுக்கா?" என்றார்.

"ஆமா."

"எனக்காகச் செஞ்சீங்க."

"ஆமா."

"நான் கேக்கலையே, ஹேசல்."

"கேக்கல."

"என்னைப் பாத்தா முடியாதவன்னு தோணிச்சா?"

முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட அதே கோட்டைத்தான் இன்றைக்கும் போட்டிருந்தார். அவளுடைய கண் அங்கே போய்விட்டது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"இது எனக்குப் பிடிச்ச கோட்டு," என்றார். "ஊசிக் காசு எங்கிட்ட எப்பவும் இருந்துச்சு. ஜோடிக்குக் குறைச்சல்னு எல்லாருக்கும் போடற விலைன்னுதான் குடுத்தேன். கம்பெனி வந்தப்பறம் எத்தனை தடவை?"

"அஞ்சு."

போரட் உறையைப் பிரித்தார். மூன்று இருபது பவுண்டு நோட்டு, ஒரு பத்து. நான்கையும் மேசைமேல் நேராக வைத்து விரலால் தடவிச் சமப்படுத்தினார். மீதி இருந்த ஐந்து பவுண்டு நோட்டையும் ஒரு நாணயத்தையும் உறையோடு உள்பையில் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு பதினாலு எழுபது. இப்ப சரியாப்போச்சு."

"வேணாம் மிஸ்டர் போரட். தயவுசெஞ்சு."

"இல்ல. எல்லாரும் குடுக்கற விலையை நானும் குடுத்ததா இருக்கட்டும்." கோபமில்லை. படகுக்கு வர்ணம் பூசிக் கொடுத்துவிட்டுக் கூலி பேசுகிற குரல். "பிஸ்கட்டை வெச்சுக்குங்க. அது ஃபெர்கஸுக்கும் சேத்து வாங்கினது."

டையைச் சரிசெய்துகொண்டார். பூனைக்காரப் பெண்ணிடமும் நாய்க்காரரிடமும், "உங்களைக் காக்க வெச்சுட்டேன், மன்னிக்கணும்," என்றார். ஹேசலிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்த அறையில் இன்றைக்கு அவர் மன்னிப்புக் கேட்காத ஒரே ஆள் அவள்தான். கதவு மூடிக்கொண்டது.

எழுபது பவுண்டை எங்கே வரவு வைப்பது என்று தெரியவில்லை. அவர் பெயரைத் தட்டினாள். சாம்பல் வரி வந்தது. தொகையை எழுதி அழுத்தினாள். இறந்த விலங்கின் பெயரில் பணம் பெற முடியாது என்று திரை சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதையே சொன்னது. மூன்றாவது தடவை விரல் விசையில் உட்காரவில்லை. நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது, உள்ளபடியே வலித்தது. எவ்வளவோ நாளாக வராமலிருந்த எல்லாம் சேர்ந்து வந்ததில் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அதை அடக்க அவளால் முடியவில்லை.

நாய்க்காரர் குனிந்து நாயின் காதை ஆராய்ந்தார். பூனைக்காரப் பெண் எழுந்து சுவரில் இருந்த விலைப்பட்டியலுக்கு முன்னால் போய் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். ஹேசலிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.